வில்லியம் மார்ஷல்: தாய்மாமன், மனைவி, ஐந்து மகள்கள் (விவாத இழை)

ஏட்டுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் வில்லியம் மார்ஷலைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் வாளும் குதிரையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. இளைய ஹென்றி, இரண்டாம் ஹென்றி, ரிச்சர்ட், ஜான், சிறுவன் மூன்றாம் ஹென்றி என்று ஐந்து பேருக்குச் சேவகம் செய்தவர். எழுபது வயதை ஒட்டி 1217-ல் லிங்கன் போரில் முன்வரிசையில் பாய்ந்தவர். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மனிதர் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து நாட்டையே நிர்வகிக்கும் இடத்துக்கு வந்ததற்கு வாள் மட்டும் காரணமில்லை. பெண்வழி உறவு அவரை மறுபடி மறுபடி தூக்கிவிட்டது என்பது என் கட்சி. அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் பிறப்பு. 1146 அல்லது 1147. தகப்பனார் ஜான் மார்ஷல், அரசவையில் பரம்பரையாகக் குதிரைப்படை சார்ந்த பதவி வகித்த நடுத்தரப் பிரபு. அவருக்கு முதல் மனைவி வழியாகவே இரண்டு ஆண்பிள்ளைகள் உண்டு. பக்கத்துச் சால்ஸ்பரி குடும்பத்தோடு நிலத்தகராறு முற்றி அடிதடி நடந்துகொண்டிருந்தது. அதை முடிக்க முதல் மனைவியை விலக்கிவிட்டு, எதிராளி பேட்ரிக்கின் தங்கை சிபிலைக் கட்டிக்கொண்டார். பகை சம்பந்தத்தில் முடிந்தது. அந்தக் கல்யாணத்தில் இரண்டாவது ஆண்பிள்ளை வில்லியம். மொத்தத்தில் நான்காவது மகன், ஆகவே சொத்து என்று ஒரு காணி நிலம்கூட வராது.

அவர் கையில் இருந்த ஒரே மூலதனம் தாய்மாமன் பேட்ரிக், சால்ஸ்பரியின் ஏர்ல். 1168-ல் பிரான்சின் புவாத்து பகுதிக்குப் போனபோது மருமகனையும் கூடவே அழைத்துப் போனார். வழியில் லூசிஞன் குடும்பத்தார் மறித்தார்கள். கவசம் மாட்டக்கூட நேரமில்லாத மாமனைப் பின்னாலிருந்து ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். வில்லியம் ஒரு வேலியில் முதுகைச் சாய்த்து நின்று தனியாகச் சண்டை போட்டார். வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன் தொடையில் குத்தினான், சிறைப்பட்டார். காயத்துக்குக் கட்டுப்போட எதிரிகள் துணிகூடத் தரவில்லை. ஒரு பெண்மணி ரொட்டியைக் குடைந்து அதற்குள் நார்த்துணிக் கட்டுகளை வைத்து அனுப்பினாராம். பிறகு மீட்புப்பணம் கொடுத்து விடுவித்தவர் இரண்டாம் ஹென்றியின் அரசி எலினோர். பேட்ரிக் அப்போது அரசிக்குத் துணையாக இருந்தவர். மாமனுக்காக உயிரைப் பணயம் வைத்த பையன் அரசியின் கண்ணில் பட்டான். 1170-ல் அரசியின் மகன் இளைய ஹென்றிக்குப் போர்ப்பயிற்சி தரும் இடம் கிடைத்தது.

அந்த வேலியோரம் நடந்த சண்டைதான் அவர் வாழ்வின் திருப்பம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

---

கரிசல்மண்:

அருமை ஐயா. ஆனால் தகப்பனாரை இவ்வளவு சுருக்கமாக விட்டுவிட்டீர்களே. 1152-ல் நியூபரி முற்றுகையில் ஸ்டீபன் அரசர் இந்தப் பையனைப் பணயமாகப் பிடித்து வைத்திருந்தார். கோட்டையை ஒப்படைப்பதாகச் சொல்லி அவகாசம் வாங்கிய ஜான், அந்த அவகாசத்தில் ஆளும் உணவும் சேர்த்துக்கொண்டார். பையனைத் தூக்கிலிடுவோம் என்றபோது, இவனைவிட நல்ல பிள்ளைகளைச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன என்ற பொருளில் பதில் அனுப்பினார். ஐந்தாறு வயதுக் குழந்தை! இப்படிப்பட்ட அப்பனிடமிருந்து மகன் என்ன குடும்பப் பாசத்தைக் கற்றிருப்பான்?

---

ஏட்டுக்காரன்:

கரிசல்மண், அந்தச் சம்பவத்தின் அடுத்த பாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டீபன் கொல்லவில்லை. கூடாரத்துக்குள் புல்தண்டுகளை வீரர்களாக வைத்து அந்தப் பையனும் அரசரும் விளையாடினார்கள் என்று கவிதை சொல்கிறது. ஸ்டீபனின் இளகிய மனம் ஊரறிந்தது, ஜான் அதை எடைபோட்டே பேசியிருக்கலாம். இருந்தாலும் எந்தத் தாய் கேட்டுப் பொறுப்பாள் அந்த வார்த்தையை? அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வில்லியமே பின்னாளில் தன் பிள்ளைகளை அரசனிடம் பணயமாகக் கொடுக்க வேண்டிவந்தது. அதற்கு அவர் மனைவி இசபெல் பகுதியில் வருகிறேன்.

---

புதியவாசகர்_7:

மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. நீங்கள் சொல்லும் கவிதை எது? இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்?

---

ஏட்டுக்காரன்:

நல்ல கேள்வி. மார்ஷல் இறந்தபின் அவருடைய மூத்த மகன் செலவு செய்து எழுதவைத்த வாழ்க்கை வரலாறு அது. 1220-களில் ஜான் என்ற புலவர் பிரெஞ்சு மொழிக் கவிதையாக எழுதினார், 19,214 அடிகள். ஒரே ஒரு பிரதிதான் தப்பியது. பல நூற்றாண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து 19-ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது. அரசனும் அல்லாத, துறவியும் அல்லாத ஒருவருக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு வரலாறு கிடைப்பது மிக அபூர்வம். மகன் பணம் கொடுத்து எழுதவைத்தது என்பதால் புகழ்ச்சி தூக்கலாகவே இருக்கும். ஆகவே அதில் வருவதையெல்லாம் வேதவாக்காக எடுக்காமல் அரசாங்கச் சாசனங்களோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்.

---

வடக்குவாசல்:

ஏட்டுக்காரன் அண்ணா, உங்கள் கட்சியை நான் பாதிதான் ஏற்பேன். தாய்மாமன் வழியைத் திறந்துவிட்டார், சரி. அதற்குப் பிறகு நடந்தது சொந்தச் சம்பாத்தியம். போட்டிக்களங்களில் தோற்றவனின் குதிரையும் கவசமும் ஜெயித்தவனுக்கு. பிடிபட்டவனை விடுவிக்கவும் பணம். ரோஜர் என்ற இன்னொரு வீரரோடு பங்கு பேசிக்கொண்டு பத்து மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்தார்கள். கணக்கு எழுத அரண்மனைச் சமையற்கட்டு எழுத்தரே இருந்தார்! இளமையில் முதல் சண்டையில் வீரமாகப் போரிட்டு ஒரு கொள்ளைப்பொருளும் எடுக்காமல் வந்தவர் இவர். அன்று விருந்தில் எசெக்ஸ் ஏர்ல் ஒரு பழைய சேணவார் இருந்தால் கொடு என்று கேட்டு எல்லோர் முன்னும் அவரைக் கிண்டல் செய்தார். அந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை. இதில் எந்தப் பெண்வழி உறவு இருக்கிறது?

---

ஏட்டுக்காரன்:

வடக்குவாசல், போட்டிக்களம் பெயரையும் பணத்தையும் கொடுத்தது, நிலத்தைக் கொடுக்கவில்லை. நிலம் இல்லாதவன் நாற்பது வயதிலும் யாரோ ஒருவருடைய வீட்டு வீரன்தான். இளைய ஹென்றி 1183-ல் காய்ச்சலில் இறந்ததும் மார்ஷல் நட்டாற்றில் நின்றதைப் பாருங்கள். எசமானின் சிலுவைப்போர்ப் பிரதிக்ஞையை நிறைவேற்ற அவருடைய மேலங்கியைச் சுமந்து ஜெருசலேம் போய்வந்தார். திரும்பியபோதும் அவர் நிலமற்ற வீரர்தான்.

அப்புறம்தான் பெரிய திருப்பம். இரண்டாம் ஹென்றி முதலில் கெண்டல் நிலத்தின் வாரிசுப் பெண் ஹெலோயிஸை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். அவளைக் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. அதைவிடப் பெரிய இடத்துக்குக் காத்திருந்தார். அந்த இடம் இசபெல் டி கிளேர்.

இசபெல் யார்? தந்தை ரிச்சர்ட் டி கிளேர், ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்றவர். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லெயின்ஸ்டர் அரசர் டயர்மிட்டின் மகள். தகப்பன் 1176-ல் இறந்தார், தம்பியும் வயதுக்கு வருமுன் போய்விட்டான். வேல்ஸில் செப்ஸ்டோ, அயர்லாந்தில் லெயின்ஸ்டர் முழுவதும், பெம்ப்ரோக் மீதான உரிமை என எல்லாம் ஒரு பெண்ணின் தலையில் வந்து இறங்கியது. பெரிய பிரபு இறந்து வாரிசு சிறுவயதாக இருந்தால் அந்தப் பிள்ளை அரசரின் காப்பில் வரும். யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதும் அரசர் கையில். இசபெல் லண்டன் கோபுரக்கோட்டையில் காப்பில் இருந்தாள். ஹென்றி வாக்குக் கொடுத்தார், ரிச்சர்ட் 1189-ல் உறுதி செய்தார். இத்தனைக்கும் சில வாரம் முன்பு லெ மான்ஸ் அருகே, தந்தை ஹென்றியை எதிர்த்து வந்த ரிச்சர்டின் குதிரையைக் குத்திச் சாய்த்தவர் இதே மார்ஷல்! புதிய அரசர் அந்த விசுவாசத்தை மதித்தார். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு நாற்பத்து மூன்று, பெண்ணுக்குப் பதினேழு போல. ஒரே கல்யாணத்தில் நிலமற்றவர் நாட்டின் முதல்வரிசைப் பிரபுவானார். பெம்ப்ரோக் ஏர்ல் பட்டம் மட்டும் 1199-ல் ஜான் அரசரானபோதுதான் முறையாகக் கிடைத்தது.

---

மல்லிகா_வரலாறு:

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் அண்ணா. இசபெலை வெறும் சொத்தாகப் பார்ப்பது பெரிய அநியாயம். அந்த நிலத்துக்கு உரிமைக்காரி அவள், கணவர் அவள் மூலமாக ஆள்பவர். மார்ஷலுக்கே அது நன்றாகத் தெரியும்.

1207-ல் அவர் அயர்லாந்தில் இருந்தபோது ஜான் அரசர் இங்கிலாந்துக்கு வரச்சொல்லி ஆளனுப்பினார். போனால் நிலத்தைப் பிடுங்க ஏற்பாடு நடக்கிறது, போகாவிட்டால் கலகக்காரன் என்ற பட்டம். கில்கெனியில் தன் பிரபுக்களைக் கூட்டினார். இசபெலின் கையைப் பிடித்து நடு அவைக்கு அழைத்துவந்தார். இதோ உங்கள் எசமானி, உங்களுக்கு நிலம் கொடுத்தாரே, அந்த ஏர்லின் மகள், கர்ப்பமாக இருக்கிறாள், நான் வரும்வரை காப்பாற்றுங்கள், நான் இதை அவள் மூலமாகத்தானே வைத்திருக்கிறேன் என்ற கருத்தில் பேசினார். அத்தனை ஆண்கள் முன்னால் இப்படிச் சொல்ல எவ்வளவு மனத்தெளிவு வேண்டும்!

அரசரிடம் பிள்ளைகளைப் பணயமாகக் கொடுத்தது பற்றி வருகிறேன் என்றீர்கள் அல்லவா? மூத்தவன் முன்பே பணயமாகப் போய்விட்டான். அடுத்தவன் ரிச்சர்டையும் கேட்டபோது இசபெல் கூடாது என்று நின்றாள். மார்ஷல் கொடுத்தார். இந்த வாதத்தில் நான் இசபெல் பக்கம்தான். ஜான் பணயக்கைதிகளை எப்படி நடத்துவார் என்று பின்னாளில் வேல்ஸ்காரர்கள் கண்டார்கள், 1212-ல் இருபத்தெட்டுப் பிள்ளைகளைத் தூக்கிலிட்டார்.

---

கரிசல்மண்:

மல்லிகா அம்மா சொன்னதற்குப் பிறகு நடந்ததும் நெஞ்சை உலுக்கும். அந்தக் குளிர்காலத்தில் மார்ஷல் அரசவையில் தன்னந்தனியாக இருக்கிறார். ஐரிஷ் கடல் கொந்தளிக்கிறது, கப்பல் இல்லை, சேதி இல்லை. ஜான் அரசர் குதிரையில் கூடவே வந்து, அயர்லாந்தில் சண்டை நடந்து உன் நம்பிக்கைக்குரிய ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று கூசாமல் பொய் சொன்னார். முகம் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக! மார்ஷல் வருத்தத்தை மட்டும் சொல்லி அமைதியாக இருந்துவிட்டார். கடல் அடங்கிச் செய்தி வந்தபோது நிலைமை தலைகீழ். அரசரின் ஆளான மெய்லர் தோற்றுப் பணிந்திருந்தார். கர்ப்பிணி இசபெலும் மார்ஷலின் ஆட்களும் கோட்டையைக் காத்துவிட்டார்கள். ஜான் இறங்கிவர வேண்டியதாயிற்று.

---

வடக்குவாசல்:

ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன், இசபெல் இல்லாமல் லெயின்ஸ்டர் இல்லை. ஆனால் 1215-க்கு என்ன சொல்கிறீர்கள்? அரசரைக் கட்டுப்படுத்தப் பிரபுக்கள் வாங்கிய மாக்னா கார்ட்டா சாசனத்தில் அரசர் பக்கம் நின்ற, திருச்சபை சாராத பிரபுக்கள் வரிசையில் முதல் பெயர் அப்பாவுடையது. அதை நிறைவேற்ற எதிர்த்தரப்பு நியமித்த இருபத்தைந்து பேரில் மகன் இளைய வில்லியம் இருக்கிறார். பிரெஞ்சு இளவரசர் லூயி படையோடு வந்தபோது மகன் அந்தப் பக்கம் சேர்ந்தார். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் குடும்பச் சொத்து தப்பும் என்ற கணக்கு இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

---

ஏட்டுக்காரன்:

வாய்ப்பு உண்டு. ஆனால் மகனுக்கும் ஜானுக்கும் தனிக்கணக்கு இருந்தது. வருடக்கணக்கில் பணயக்கைதியாக வளர்ந்தவன் அந்த அரசரை நேசிப்பானா? ஜான் 1216 அக்டோபரில் இறந்தார். ஜானின் ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றிக்காக ஆட்சி நடத்தும் அரசக் காவலராக மார்ஷல் ஆனார், அடுத்த மார்ச்சிலேயே இளைய வில்லியம் அப்பா பக்கம் வந்துவிட்டார். ஜான் என்ற ஆள் நடுவிலிருந்து விலகியதும் குடும்பம் சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் கணக்கைவிடக் கசப்புதான் அதிகம் தெரிகிறது.

அந்த 1217 மே 20 லிங்கன் போரையே பாருங்கள், எல்லாம் சொந்தக்காரர்கள். மார்ஷல், மகன், அண்ணன் மகன் ஒரு பக்கம். தாய்மாமன் பேட்ரிக்கின் பேத்தி ஏலாவைக் கட்டிய வில்லியம் லாங்கெஸ்பேயும் அதே பக்கம். எதிர்ப்பக்கம் பிரெஞ்சுப் படைத்தலைவர் பெர்ஷ் பிரபு தாமஸ், அவரும் மார்ஷலின் தாய்வழி உறவுதான். தலைக்கவசத்தின் கண்துவாரம் வழியே குத்துப்பட்டு அவர் விழுந்தபோது ஜெயித்த பக்கமே வருந்தியது. அந்தத் தலைமுறையில் பிரபுக்கள் சண்டை என்றாலே முக்கால்வாசி உறவுக்குள் நடந்ததுதான்.

---

மல்லிகா_வரலாறு:

கடைசி நாட்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். 1219 வசந்தம், தேம்ஸ் கரையில் காவர்ஷம் வீடு. சாவு நெருங்குகிறது. ஒருநாள் ஜான் ஆஃப் எர்லி என்ற தம் உற்ற வீரரிடம், எனக்குப் பாட வேண்டும் போல ஓர் ஆசை, ஆனால் முடியவில்லை என்கிறார். மகள்களை அழைக்கிறார்கள். முதலில் மூத்தவள் மெகல்ட் பாடுகிறாள். துக்கத்தில் பாட மனமில்லை, ஆனாலும் அப்பா சொல்லைத் தட்டவில்லை. அப்புறம் கடைக்குட்டி ஜோன். அவள் கூச்சத்தோடு பாடுகிறாள். வெட்கப்படாமல் பாடு, அப்படிப் பாடினால் சொற்கள் சரியாக வராது என்று சொல்லி, எப்படிப் பாடுவது என்று அவரே காட்டிக் கொடுக்கிறார். அந்த ஜோனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதுதான் அவர் கவலை. அவளுக்கென்று வருடம் முப்பது பவுண்டு வரும் நிலமும் 200 மார்க் பணமும் ஒதுக்கினார்.

கடைசி மகன் ஆன்செல்முக்கு முதலில் எதுவும் வைக்கவில்லை. நான் வந்த மாதிரி அவனும் உழைத்து வரட்டும் என்றார். எர்லி மன்றாடிய பிறகே 140 பவுண்டு வரும் நிலத்தைக் கொடுத்தார்.

டெம்ப்ளர் துறவி வீரராகச் சேர்ந்து இறப்பதென்று முன்பே நேர்ந்திருந்தார். அந்த வெள்ளை அங்கியைப் போர்த்திவிட்டால் மனைவியைத் தொடக்கூடாது. அதற்கு முன் இசபெலை அழைத்து, இப்போதே முத்தமிடு, இனி உன்னால் முடியாது என்றார். இருவரும் அழுதார்கள். முப்பது வருடத் தாம்பத்தியம் அது. அரசர் கையால் வாய்த்த கல்யாணத்தில் இவ்வளவு அன்பு வளர்ந்தது எனக்கு எப்போதும் வியப்புதான். மே 14 அன்று இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம். மறுவருடமே இசபெலும் போய்விட்டாள்.

---

புதியவாசகர்_7:

படிக்கும்போதே தொண்டை அடைத்துவிட்டது. ஐந்து ஆண்பிள்ளைகள் இருந்தும் வம்சம் நின்றுபோனது எப்படி? சொத்து ஏன் மூத்த மகளுக்கே போகாமல் ஐந்து மகள்களுக்கும் பிரிந்தது?

---

ஏட்டுக்காரன்:

வரிசையாகப் போனார்கள். வில்லியம் 1231, ரிச்சர்ட் 1234, கில்பர்ட் 1241, வால்டர் 1245 நவம்பர், ஆன்செல்ம் ஒரு மாதம்கூடக் கழியாமல் 1245 டிசம்பர். ஐந்து பேருக்கும் முறையான பிள்ளை இல்லை. ஃபெர்ன்ஸ் ஆயர் தம் நிலத்தை மார்ஷல் பறித்துக்கொண்டதற்காகச் சாபம் விட்டார் என்று அந்தக் காலத்துத் துறவி வரலாற்றாளர் மத்தேயு பாரிஸ் எழுதிவைத்தார், ஊரே நம்பியது. எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. ரிச்சர்ட் அரசரை எதிர்த்துப் போரிட்டு அயர்லாந்தின் கர்ரா சமவெளியில் காயம்பட்டு இறந்தார். கில்பர்ட் பாதிரியாராக வளர்ந்தவர், அண்ணன்கள் போனதால் வாளைத் தொட்டவர். போட்டிக்களத்தில் கடிவாளம் அறுந்து குதிரை இழுத்துப்போய் இறந்தார். பாதியாவது அந்த வாழ்க்கைமுறையே கொன்றது.

பங்கீடு பற்றி: அங்கே ஆண்பிள்ளை இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். ஆண்பிள்ளை இல்லாவிட்டால் பெண்கள் அத்தனை பேருக்கும் சமபங்கு, செத்த மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு. 1247-ல் லெயின்ஸ்டரை ஐந்தாக வெட்டினார்கள். மூத்தவள் மெகல்டுக்கு கார்லோ, இரண்டாவது மகள் இசபெலின் வாரிசுக்கு கில்கெனி, சிபிலின் ஏழு பெண்களுக்கு கில்டேர், ஈவாவின் பெண்களுக்கு லீஷ், ஜோன் மகளுக்கு வெக்ஸ்ஃபோர்டு. சிபிலின் பங்கு உடனே ஏழாக உடைந்தது! மார்ஷல் பதவியைப் பங்கு போட முடியாதல்லவா, அது மூத்தவளுக்கு. அவள் மகன் ரோஜர் பிகாடுக்குப் போனது. கல்யாண ஏற்பாடே இல்லாமல் அப்பா கவலைப்பட்ட அந்தக் கூச்சக்காரி ஜோனின் மகளை அரசருக்கு ஒரே தாய், வேறு தகப்பன் வழித் தம்பியான வில்லியம் டி வலென்ஸ் கட்டினார், பெம்ப்ரோக்கும் அவர்கள் வீட்டுக்கே போனது.

இரண்டாவது மகள் இசபெலின் வழியைப் பிடித்துப் போனால் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் வருகிறார், அவளுக்குக் கொள்ளுப்பேரன். ஈவாவின் மகள் மார்டிமர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள், அந்த வழியில் நான்காம் எட்வர்ட்.

---

வடக்குவாசல்:

பெண்வழி என்ற உங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. ஒரு சேர்க்கை: பங்கு போடுமுன் விதவைப் பங்கு கழிய வேண்டும், அதை விட்டுவிட்டீர்கள். மூத்த மகன் வில்லியம் 1224-ல் கட்டியது அரசரின் தங்கை எலினோரை, அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பதினாறில் விதவை. விதவைக்குக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கம்.

---

மல்லிகா_வரலாறு:

அந்த எலினோரை அண்ணன்தான் ஏமாற்றினார். அயர்லாந்து, வேல்ஸ் நிலங்களுக்கு ஈடாக வருடம் 400 பவுண்டு போதும் என்று ஹென்றியே பேசி முடித்துவிட்டார். அவளுக்கு உரியதோ அதைவிட எவ்வளவோ அதிகம். 1238-ல் அவள் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டை மணந்த பிறகு இருவரும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்து மார்ஷல் சகோதரர்களும் மண்ணுக்குள் போன பின்னும் வழக்கு நின்றது. 1259-ல் பிரான்சோடு ஹென்றி சமாதான ஒப்பந்தம் செய்யப்போனபோது, நார்மண்டி மீதான தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட மாட்டேன், முதலில் என் விதவைப் பங்கைத் தீர்த்துவை என்று எலினோர் நின்றாள். இரண்டு நாட்டு அரசர்கள் ஒரு பெண்ணின் கணக்கு முடியக் காத்திருந்தார்கள். சைமனுக்கும் ஹென்றிக்கும் மூண்ட பகையில் இந்தப் பாக்கிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், வடக்குவாசலும் அங்கே வந்து 1265 ஈவ்ஷம் போர் வரை எழுத வேண்டும்.